அஞ்சு மாசம் இழுத்த பிரைமரி: 2008ல பென்சில்வேனியாவுல கதவு தட்டின அனுபவம்

எங்க ஏரியா தமிழ் வாட்ஸப் குரூப்ல ஒவ்வொரு பிரைமரி சீசனுக்கும் புதுசா சிட்டிசன் ஆன யாராவது ஒருத்தர் கேட்டுடறாங்க, "அக்கா, வாலண்டியர் பண்ணணும்னு ஆசையா இருக்கு, ஆனா மாசக்கணக்கா இழுக்குமாமே, தாங்குமா?"ன்னு. தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போடறதுக்கு ஒரே இடத்துல எழுதி வச்சிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

நான் சொல்லப்போறது அமெரிக்காவுல நடந்த 2008 டெமாக்ரட்டிக் கட்சி பிரைமரி, அதாவது ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சிக்குள்ள தேர்ந்தெடுக்கற தேர்தல். ஜனவரி 3 அயோவாவுல ஆரம்பிச்சு ஜூன் 3 மொன்டானா, சவுத் டகோட்டா வரைக்கும் ஹிலாரி கிளின்டனும் பராக் ஒபாமாவும் விடாம மோதினாங்களே, அது. நாங்க இருந்தது பிலடெல்பியாவுக்கு மேற்க செஸ்டர் கவுன்ட்டில, எக்ஸ்டன் பக்கம். சிட்டிசன்ஷிப் வாங்கினதுக்கப்புறம் நான் போடப்போற முதல் ஜனாதிபதி தேர்தல் ஓட்டு அது. நான் ஹிலாரி பக்கம், வீட்டுக்காரர் ஒபாமா பக்கம், ஒரே வீட்டு வாசல்ல ரெண்டு போர்டும் நின்னுச்சு.

ஊர்ல இருந்து படிக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல கட்சிக்காரங்க விருப்ப மனு கொடுப்பாங்க, நேர்காணல் நடக்கும், கடைசில தலைமைல இருந்து லிஸ்ட் வரும், யாருக்கு சீட்டுன்னு அன்னிக்குத்தான் தெரியும். இங்க அந்த முடிவை சாதாரண ஜனங்களே ஓட்டுப்போட்டு எடுக்கறாங்க, அதுவும் ஒரே நாள்ல முடியாது, ஒவ்வொரு ஸ்டேட்டா நடக்கும். ஓட்டை டெலிகேட்டா, அதாவது கட்சி மாநாட்டுக்குப் போற பிரதிநிதியா, மாத்தி கணக்கு வைப்பாங்க, யாருக்கு பாதிக்கு மேல டெலிகேட் சேருதோ அவங்கதான் வேட்பாளர்.

ஏன் இவ்ளோ நாள் இழுத்துச்சுங்கறதை முதல்லயே புரிஞ்சுக்கறது ரொம்ப முக்கியம், என்னைக் கேட்டா சோர்வுல பாதி அதுலயே போயிடும். அந்த வருஷம் ரிபப்ளிகன் பக்கம் ஜான் மெக்கெய்ன் மார்ச் 4ஆம் தேதியே முடிச்சிட்டார், ஏன்னா அவங்க கட்சில நிறைய ஸ்டேட்ல ஜெயிச்சவருக்கே மொத்த டெலிகேட்டும். டெமாக்ரட் பக்கம் எல்லா இடத்துலயும் விகிதாசாரம், 15 சதவீதம் தாண்டினா பங்கு உண்டு. ஒரு தொகுதிக்கு 4 டெலிகேட்டுன்னு வைங்க, இருக்கறது ரெண்டே பேரு, ஒருத்தர் 60 சதவீதம் வாங்கி அமோகமா ஜெயிச்சாலும் ஆளுக்கு 2 தான், 3 வேணும்னா 62.5 தாண்டணும். நிறைய ஸ்டேட் ஒரே நாள்ல ஓட்டுப் போடற பிப்ரவரி 5 சூப்பர் டியூஸ்டேல ஹிலாரி கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, மாசசூசெட்ஸ்னு பெரிய ஸ்டேட்டா ஜெயிச்சும் டெலிகேட் கணக்கு கிட்டத்தட்ட சமமாவே நின்னுச்சு. டெக்சஸ்ல பகல்ல பிரைமரி, அன்னிக்கு ராத்திரியே காக்கஸ், அதாவது கட்சிக்காரங்க நேர்ல கூடி ஆதரவு சொல்ற கூட்டம். பிரைமரில ஹிலாரி ஜெயிச்சாங்க, ரெண்டையும் சேர்த்துப் பாத்தா ஒபாமாவுக்குத்தான் டெலிகேட் கூட. இப்படி ஒரு கணக்குல ரெண்டு பலமான ஆளுங்க இருந்தா ஒரே ராத்திரில முடியவே முடியாது. ஆனா டிவில ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இன்னிக்குத்தான் கடைசி, இன்னிக்கு முடிஞ்சிரும்னே பேசுவாங்க, அதை நம்பி உட்கார்ந்திருந்தவங்கதான் முதல்ல துவண்டு போனாங்க.

ஜனவரில எங்க வீடு இருந்த உற்சாகம் சொல்லி மாளாது. அயோவாவுல ஒபாமா ஜெயிச்சு ஹிலாரி மூணாவதா வந்தப்போ வீட்டுக்காரர் குதிக்கறார், அஞ்சே நாள் கழிச்சு நியூ ஹாம்ப்ஷயர்ல கருத்துக்கணிப்பு மொத்தத்தையும் பொய்யாக்கிட்டு ஹிலாரி ஜெயிச்சப்போ நான் அழுதுட்டேன். ஒரு கறுப்பினத்தவரும் ஒரு பெண்ணும் முன்னணில நிக்கறாங்க, அவங்கள்ல யார் ஜெயிச்சாலும் அந்த நாட்டுல அதுவரைக்கும் நடக்காத ஒண்ணு நடக்கப்போகுது, அதுக்கு என் கையிலயும் ஒரு ஓட்டு இருக்குங்கற நினைப்பு எனக்கு பெரிய விஷயமா இருந்துச்சு. இப்பவும் அப்படித்தான் நினைக்கறேன்.

அப்ப பென்சில்வேனியாவுக்கு முறை வரும்னு யாருமே எதிர்பார்க்கல. எங்க பிரைமரி ஏப்ரல் கடைசில வரும், 2004ல ஜான் கெர்ரி அதுக்கு முன்னாடியே ஜெயிச்சு முடிச்சிருந்தார், நாங்க போட்ட ஓட்டுக்கு ஒரு அர்த்தமும் இல்லன்னுதான் பக்கத்து வீட்டுக்காரங்க சொல்வாங்க. 2008ல மார்ச் 11 மிசிசிப்பி முடிஞ்சதும் அடுத்த போட்டி ஏப்ரல் 22, எங்க ஊரு. நடுவுல ஆறு வாரம், வேற எந்த ஸ்டேட்டும் இல்ல. ரெண்டு வேட்பாளரும், ஹிலாரியோட வீட்டுக்காரர் பில் கிளின்டனும், பொண்ணு செல்சியாவும், மொத்த டிவி கேமராவும் எங்க மேல வந்து இறங்கிட்டாங்க.

முதல் பாடம் இங்கதான், இதை தமிழ்க்காரங்க எல்லாரும் கவனிச்சுப் படிங்க. பென்சில்வேனியா பிரைமரி மூடின பிரைமரி. டெமாக்ரட்டுன்னு பதிஞ்சிருந்தாத்தான் டெமாக்ரட் பிரைமரில ஓட்டு. 2008ல பதியவோ கட்சி மாத்தவோ கடைசி தேதி மார்ச் 24. நம்ம ஆளுங்க நிறைய பேர் சிட்டிசன் ஆனதும் பதியும்போது எதுக்கு வம்புன்னு எந்தக் கட்சியும் இல்லன்னு டிக் பண்ணி வச்சிருப்பாங்க, நவம்பர்ல ஓட்டுப் போட்டிருப்பாங்க, அதனால பேர் இருக்குன்னு நம்பிக்கிட்டு இருப்பாங்க. பேர் இருக்கும், பிரைமரில ஓட்டு இருக்காது. மார்ச் மாசம் சனி ஞாயிறு பூரா நாங்க நாலஞ்சு பேர் இந்தியன் கிரோசரி கடை வாசல்ல ஒரு மடக்கு மேசை போட்டு ஃபார்மோட உட்கார்ந்தோம். கறிவேப்பிலை கட்டும் அரிசி மூட்டையுமா வெளிய வர்றவங்களை நிறுத்தி ஒரே ஒரு கேள்வி, "அண்ணா, ரெஜிஸ்ட்ரேஷன்ல கட்சின்னு என்ன போட்டிருக்கீங்க?" பாதிப் பேருக்கு ஞாபகமே இருக்காது. அங்கயே நின்னு ஃபார்ம் ரொப்பி கொடுப்பாங்க. அந்த வசந்த காலத்துல பென்சில்வேனியாவுல டெமாக்ரட் பதிவு முதல் தடவையா 40 லட்சத்தைத் தாண்டுச்சு, அதுல எங்க மேசைல நிரம்பின ஃபார்மும் சேர்த்திதான்னு எனக்கு இன்னிக்கும் பெருமை உண்டு. யாருக்கு ஓட்டுப் போடுவீங்கன்னு நாங்க கேக்கல. ஒபாமாவுக்குப் போட வந்தவங்களுக்கும் அதே ஃபார்ம்தான், அதே மரியாதைதான்.

விசா விஷயமும் சொல்லிடறேன். ஒரு தம்பி அப்ப எச்1பிங்கற வேலை விசால இருந்தார், "அக்கா, எனக்குத்தான் ஓட்டு இல்லையே, பணமாவது கொடுக்கறேன்"னு கார்டை எடுத்தார். வேண்டாம்பான்னு கையைப் பிடிச்சு தடுத்தேன். சிட்டிசனும் கிரீன் கார்டுக்காரங்களும் மட்டும்தான் பணம் கொடுக்கலாம், எச்1பி, எல்1 மாதிரி வேலை விசால இருக்கறவங்க ஒரு டாலர் கூட கொடுக்கக் கூடாது, சட்டம் அப்படி. சம்பளம் வாங்காம வாலண்டியர் வேலை செய்யலாம், அதுக்குத் தடை இல்ல. அவர் எங்க கூட வந்து கார் ஓட்டினார், பேப்பர் அடுக்கினார், எங்க எல்லாரையும் விட அதிகமா உழைச்சது அவர்தான். இன்னொண்ணு, சிட்டிசன் ஆகாதவங்க தெரியாத்தனமா கூட ஓட்டுப் பதிவு ஃபார்ம்ல கையெழுத்து போட்டுடாதீங்க, பின்னாடி இமிக்ரேஷன்ல பெரிய சிக்கல் ஆயிடும். மேசைல உட்கார்றவங்க முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே நீங்க சிட்டிசனாங்கறதுதான்.

பதிவு முடிஞ்சதும் கதவு தட்டற வேலை. கையில ஒரு கிளிப்போர்டு, அதுல ஒரு தெருவோட லிஸ்ட், பேரு, வயசு, வீட்டு நம்பர், பக்கத்துல 1ல இருந்து 5 வரைக்கும் வட்டம். 1னா நம்ம ஆளுக்கு உறுதியான ஓட்டு, 3னா முடிவு பண்ணல, 5னா எதிர்ப்பக்கம் உறுதி. வீட்ல ஆள் இல்லன்னா அதுக்கு ஒரு குறி, கதவுப் பிடில ஒரு அட்டை மாட்டிட்டு வரணும். முதல் ரெண்டு வாரம் ஜனங்க காட்டின ஆர்வம் இருக்கே, நான் எதிர்பார்க்கவே இல்ல. கோட்ஸ்வில்னு பழைய இரும்பாலை ஊரு ஒண்ணு எங்க கவுன்ட்டில இருக்கு, அங்க ஒரு வயசான அம்மா என்னை உள்ள கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வச்சு, இத்தனை வருஷமா இந்த வீட்ல இருக்கேன், பிரைமரிக்குன்னு யாருமே என்கிட்ட வந்து கேட்டதில்லன்னு சொல்லி, ஹிலாரியோட ஹெல்த் இன்ஷூரன்ஸ் திட்டத்துக்கும் ஒபாமாவோட திட்டத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாங்க. எல்லாரும் கட்டாயம் எடுக்கணும்னு ஹிலாரி சொல்றாங்க, ஒபாமா பிள்ளைங்களுக்கு மட்டும் கட்டாயம்னு சொல்றார்னு விளக்கினேன். மாத்திரை டப்பாவை எடுத்து மேசைல வச்சு ஒவ்வொண்ணுக்கும் மாசம் எவ்ளோ ஆகுதுன்னு அவங்க எனக்கு கணக்கு சொன்னாங்க. அந்த ஊர்ல அந்த அரை மணி நேரம் எனக்கு பத்து டிவி டிபேட்டுக்கு சமம்.

ஏப்ரல் நடுவுல நிலைமை மாறிடுச்சு. டிவியைப் போட்டா விளம்பரம், நடுவுல கொஞ்சம் நிகழ்ச்சி. போன் காலைல ஆரம்பிச்சா ராத்திரி ஒன்பது வரைக்கும் அடிக்கும், ரெண்டு கேம்ப்பெய்ன், யூனியன்காரங்க, சர்வே எடுக்கறவங்க, பதிவு பண்ணின குரல் போன் வேற. பேச்சும் வேற பக்கம் போயிடுச்சு, ஹிலாரி போஸ்னியாவுல இறங்கின கதை, ஒபாமா சின்ன ஊர்க்காரங்களைப் பத்தி சான் பிரான்சிஸ்கோவுல சொன்ன வார்த்தை, அவரோட பாதிரியார் பிரசங்கம், அல்டூனாவுல பௌலிங் ஆடி 37 எடுத்தது, இதையே அரைச்சாங்க. ஏப்ரல் 16 பிலடெல்பியா டிபேட்டோட முன்பாதி முழுக்க இந்த மாதிரி கேள்விதான். அப்ப பெட்ரோல் கேலன் மூணரை டாலர் பக்கம் போயிட்டு இருக்கு, வீட்டுக்கடன் பிரச்சனைல வீடு போற குடும்பங்க எங்க தெருவுலயே இருந்தாங்க, கதவைத் திறக்கறவங்க கேக்கறது அதைப் பத்தித்தான்.

கடைசி வாரத்துல ஒரு வீட்டுக் கதவுல வெள்ளைப் பேப்பர்ல பெரிய எழுத்துல எழுதி டேப் போட்டு ஒட்டியிருந்தாங்க: நாங்க ரெண்டு பேரும் யாருக்குப் போடறதுன்னு முடிவு பண்ணியாச்சு, உங்க எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, குழந்தை தூங்குது, தயவுசெஞ்சு பெல் அடிக்காதீங்க. கதவுப் பிடில மூணு நாலு அட்டை அப்படியே தொங்குது, எடுக்கக் கூட இல்ல. நான் பெல் அடிக்காம நின்னு அந்தப் பேப்பரைப் படிச்சுப் பாத்தேன், 'சொல்லியாச்சு'ங்கறதுக்குக் கீழ ரெண்டு கோடு போட்டிருந்தாங்க. இந்தக் குடும்பத்துக்கு தேர்தல் சலிக்கல, ஓட்டுப்போட தயாரா இருக்காங்க. சொன்ன பதிலை யாருமே எழுதி வைக்காம மறுபடி மறுபடி அதே கேள்வியோட வந்து நிக்கறாங்களே, அதுதான் சலிச்சுப் போச்சு.

அன்னில இருந்து எங்க சின்ன டீம்ல ஒரு ரூல் போட்டோம், இன்னிக்கு வாலண்டியர் பண்றவங்களுக்கும் நான் முதல்ல சொல்றது இதுதான்: கிளிப்போர்டுல எழுதினது அன்னிக்கு ராத்திரியே கம்ப்யூட்டர்ல ஏறியாகணும். யாருக்கும் பிடிக்காத வேலை, கை தட்டல் கிடைக்காது, ஒரு மூலைல உட்கார்ந்து பேருக்கு நேரா 1, 3, 5னு தட்டிக்கிட்டே இருக்கணும். ஆனா அது ஏறலன்னா மறுநாள் காலைல அதே வீட்டுக்கு வேற ஒருத்தர் போய் நிப்பார். இன்னும் பத்து கதவு தட்டறதை விட இந்த ஒரு மணி நேர டைப்பிங் பெருசு. எங்க எச்1பி தம்பி இதை மொத்தமா தன் கைல எடுத்துக்கிட்டார், அவருக்கு எக்செல்லும் டேட்டாபேஸும் தண்ணி பட்ட பாடு, ராத்திரி பதினொரு மணிக்கு "முடிஞ்சிருச்சுக்கா"ன்னு ஒரு மெசேஜ் வரும். அதுக்கப்புறம் எங்க தெருக்கள்ல "நேத்தே சொன்னேனே"ங்கற பேச்சு நல்லாவே குறைஞ்சுது.

கதவுல பேசறதுலயும் சிலது மாத்தினோம். உங்க ஓட்டு யாருக்குன்னு ஆரம்பிக்காம, இந்தத் தேர்தல்ல உங்களுக்கு எது முக்கியம்னு ஆரம்பிச்சு, அவங்க பேசி முடிக்கற வரைக்கும் குறுக்கே பேசாம இருக்கறது. 5னு சொல்றவங்ககிட்ட வாதம் பண்ணாம நன்றி சொல்லிட்டு இறங்கிடறது. உறுதியா நம்ம பக்கம்னு சொன்னவங்ககிட்ட எப்ப போவீங்க, வேலைக்கு முன்னாடியா பின்னாடியா, எந்த ஸ்கூல்ல பூத்துன்னு கேட்டு அவங்க வாயாலயே சொல்ல வைக்கறது. 2008ல பென்சில்வேனியாவுல முன்கூட்டி ஓட்டுப்போட வழியே கிடையாது, தகுந்த காரணம் காட்டினாத்தான் தபால் ஓட்டு, அதனால செவ்வாய்க்கிழமை காலைல 7ல இருந்து ராத்திரி 8க்குள்ள நேர்ல போயாகணும். பிலடெல்பியாவுக்கு ரயில்ல வேலைக்குப் போறவங்களுக்கு இது நிஜமான பிரச்சனை.

வாலண்டியரோட உடம்பும் மனசும் பத்தி. வீட்ல நாங்க வச்ச ஒரே சட்டம், சாப்பிடும்போது பிரைமரி பேச்சு கிடையாது. வீட்டுக்காரரும் நானும் இருபது வருஷத்துக்கும் மேல ஒண்ணா வாழ்ந்திருக்கோம், எதிர்ப்பக்கத்துக்காரங்களை எனக்கு முன்ன பின்ன தெரியாம இருந்தா என்ன வேணா நினைச்சிருப்பேன், என் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுக்கற மனுஷனே அந்தப் பக்கம் நிக்கும்போது அவங்களுக்கும் நியாயம் இருக்குன்னு தெரியாம இருக்குமா. ஏப்ரல் 18 சுதந்திர மண்டபம் முன்னாடி மைதானத்துல ஒபாமா பேசினப்போ 35 ஆயிரம் பேர் வந்தாங்க, மறுநாள் அவர் பிலடெல்பியாவுல இருந்து ஹாரிஸ்பர்க் வரைக்கும் ரயில்ல போனார், எங்க பக்கத்துல பவோலிலயும் டவுனிங்டவுன்லயும் நின்னு பேசினார், வீட்டுக்காரர் பொண்ணைத் தோள்ல தூக்கிக்கிட்டு பவோலி ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தார். தேர்தலுக்கு முந்தின ராத்திரி ஹிலாரி பேசின பாலெஸ்ட்ரா ஸ்டேடியத்துக்கு நான் அதே பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவளுக்கு ரெண்டு பேரும் பிடிச்சுது.

நண்பர்கள் விஷயத்துல இவ்ளோ சுமுகமா எல்லாருக்கும் அமையல. ஈமெயில் குரூப்ல ஒரே கட்சிக்காரங்களே ஒருத்தரை ஒருத்தர் பெண் விரோதின்னும் இனவெறின்னும் எழுதிக்கிட்டாங்க, பொங்கலுக்கு ஒண்ணா சமைச்ச குடும்பங்க சித்திரை வருஷப்பிறப்புக்குப் பேசல. எழுத்துல ஆரம்பிச்ச எந்தச் சண்டையும் எழுத்துல முடிஞ்சு நான் பாத்ததில்ல. கோவம் வந்தா போன் எடுத்துப் பேசுங்க, இல்லன்னா ஜூன் வரைக்கும் அந்தப் பேச்சையே ஒத்திவச்சிடுங்க. தினம் கருத்துக்கணிப்பு பாக்கறதையும் நிறுத்திடுங்க, அது உங்க வேலையை ஒரு துளி கூட மாத்தாது. பணம் கொடுக்கறதுன்னா மொத்த சீசனுக்கும் இவ்ளோன்னு முதல்லயே ஒரு தொகை முடிவு பண்ணிடுங்க, ராத்திரி பன்னெண்டு மணி கெடுன்னு ஈமெயில் வரும்போதெல்லாம் கார்டை எடுத்தா பர்ஸும் காலி, மனசும் காலி.

ஓட்டுச்சீட்டைப் பத்தியும் சொல்லணும், இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனா பூத்துல நிறைய பேர் தடுமாறினது இங்கதான். ஜனாதிபதி வேட்பாளர் பேருக்கு ஒரு ஓட்டுப் போட்ட பிறகு, கீழ கட்சி மாநாட்டுக்குப் போற டெலிகேட்டுங்க பேரே தனியா ஒரு பட்டியலா இருக்கும், யார் எந்த வேட்பாளர் பக்கம்னு பக்கத்துல போட்டிருக்கும், அதுல இத்தனை பேரைத் தேர்ந்தெடுக்கலாம்னு இருக்கும். எத்தனை டெலிகேட் யாருக்குங்கறது மேல போடற ஓட்டுல முடிவாகும், கீழ இருக்கறது அந்தப் பக்கத்துல யார் யார் போறாங்கங்கறதுக்கு. மாதிரி ஓட்டுச்சீட்டை முன்னாடியே பாத்து வச்சவங்க ரெண்டு நிமிஷத்துல வெளிய வந்தாங்க. அன்னிக்கு நான் பூத் வாசல்ல சட்டப்படி 10 அடி தள்ளி நின்னு, வர்றவங்களுக்கு அந்த மாதிரிச் சீட்டைக் காட்டி இதைத்தான் விளக்கிட்டு இருந்தேன். எனக்கு எதிர்ல ஒபாமா சட்டை போட்ட காலேஜ் பொண்ணு, வெயில் ஏற ஏற ரெண்டு பேரும் ஒரே தண்ணி பாட்டில் கேஸ்ல இருந்துதான் குடிச்சோம்.

ஹிலாரி 9 சதவீத வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. 67 கவுன்ட்டில 60 அவங்களுக்கு. ஒபாமா ஜெயிச்ச 7ல எங்க செஸ்டரும் ஒண்ணு. டெலிகேட் 85க்கு 73. ஆறு வாரம், ரெண்டு பக்கமும் கொட்டின பணம், லட்சக்கணக்கான கதவு, கிடைச்சது 12 டெலிகேட் முன்னிலை. கணக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்ததால எனக்கு அது அதிர்ச்சியா இல்ல, தெரியாதவங்க மறுநாள் ரொம்ப உடைஞ்சு போனாங்க.

மே 6ஆம் தேதி நார்த் கரோலினாவுல ஒபாமா பெரிய வித்தியாசத்துல ஜெயிச்சு, இண்டியானாவுல ஹிலாரி ஒரு சதவீதத்துல தப்பிச்சாங்க. கேரி நகரம் இருக்கற லேக் கவுன்ட்டி எண்ணிக்கை வர நடுராத்திரி தாண்டிடுச்சு, டிவில அன்னிக்கே யார் வேட்பாளர்னு முடிவு கட்டிட்டாங்க. எங்க டீம்ல பாதிப் பேர் அதோட நின்னுட்டாங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். நான் வீட்ல இருந்தே வெஸ்ட் வர்ஜீனியாவுக்கும் கென்டக்கிக்கும் போன் பண்ணிக்கிட்டு இருந்தேன். ஏன் தெரியுமா, அந்தப் பக்கம் போன் எடுக்கறவங்க குரல்ல சோர்வே கிடையாது. எனக்கு அது அஞ்சாவது மாசம், அவங்களுக்கு அதுதான் முதல் வாரம். கென்டக்கில ஒருத்தர், சுரங்கத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவராம், எங்க ஊர் ஓட்டு கணக்குல வரும்னு கடைசியா எப்ப சொன்னாங்கன்னே ஞாபகம் இல்லம்மான்னு சொல்லிட்டு, அவரோட மூச்சுக்கோளாறு, பென்ஷன் எல்லாம் நிதானமா பேசினார். எங்க ஊர்ல மார்ச் மாசம் நான் பாத்த அதே ஆர்வம். டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கறவங்களுக்குத்தான் இது அஞ்சு மாசப் போட்டி, ஓட்டுப் போடறவங்களுக்கு அவங்க ஊர்ல நடக்கற சில வாரம்தான். சீக்கிரம் முடிச்சிருக்கலாமேன்னு பேசறவங்க எல்லாரும் அநேகமா ஏற்கெனவே ஓட்டுப் போட்டு முடிச்ச ஸ்டேட்டுக்காரங்க. எல்லா ஊருக்கும் ஒரு தடவை கேள்வி கேக்கற வாய்ப்பு கிடைக்கட்டும்ங்கற என் கருத்து அந்த மே மாசத்துல உறுதியாச்சு, பின்னாடி 2016 பிரைமரில ஹிலாரியை எதிர்த்து பெர்னி சாண்டர்ஸ் ஜூன் வரைக்கும் நின்னப்போ ஹிலாரி ஆளா இருந்தும் நான் அதேதான் சொன்னேன்.

ஜூன் 3 ஒபாமாவுக்கு எண்ணிக்கை சேர்ந்துடுச்சு, 7ஆம் தேதி வாஷிங்டன்ல ஹிலாரி விலகி அவருக்கு ஆதரவு சொன்னாங்க. பெண்களை மேல போக விடாம தடுக்கற கண்ணாடிக் கூரைல, தனக்கு விழுந்த ஓட்டுக்கு ஒண்ணா, 1 கோடியே 80 லட்சம் விரிசல்னு அவங்க சொன்ன பேச்சு. நான் நல்லா அழுதேன், வீட்டுக்காரர் பக்கத்துல உட்கார்ந்திருந்தார், ஒண்ணும் பேசல, அதுக்கு இன்னிக்கும் அவருக்கு நன்றி.

தோத்த பக்கத்துக்காரங்ககிட்ட ஜெயிச்சவங்க எப்படிப் பேசணும்னு நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஜூன் 8ஆம் தேதியே எனக்கு ஒபாமா பக்க நண்பர்கள் போன், எப்ப வர்றீங்க வேலைக்குன்னு. ஒரு மாசமாவது விடுங்க. துக்கம் இருக்கும், உழைச்ச உழைப்புக்கு ஒரு மரியாதை வேணும்னு இருக்கும். ஜூன் 27 நியூ ஹாம்ப்ஷயர்ல யூனிட்டிங்கற ஊர்ல, ஜனவரில ரெண்டு பேருக்கும் சரியா 107 ஓட்டு விழுந்த ஊரு அது, அங்க ரெண்டு பேரும் ஒரே மேடைல நின்னாங்க, ஆகஸ்ட்ல டென்வர் மாநாட்டுல ஹிலாரியே எழுந்து ஒபாமாவை ஏகமனதா தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. அதெல்லாம் பாத்த பிறகுதான் எங்கள்ல பல பேருக்கு மனசு ஆறுச்சு.

செப்டம்பர்ல நான் போய் சேர்ந்தப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: ஏப்ரல்ல நாங்க 1னு வட்டம் போட்ட வீடுகளுக்கு எங்களையே அனுப்புங்க. ஒபாமா சட்டை போட்ட சின்னப் பசங்க போய் நின்னா கதவைச் சாத்தின பெண்கள், எங்களைப் பாத்ததும் திறந்தாங்க. முதல் பத்து நிமிஷம் ஹிலாரியைப் பத்தித்தான் பேசுவோம், அவசரப்படவே மாட்டோம். அந்த லிஸ்ட் பத்திரமா கம்ப்யூட்டர்ல இருந்ததால தெரு தெருவா தேட வேண்டிய அவசியமே வரல. நவம்பர்ல செஸ்டர் கவுன்ட்டி 1964க்கு அப்புறம் முதல் தடவையா டெமாக்ரட் ஜனாதிபதி வேட்பாளருக்கு விழுந்துச்சு.

இப்ப ரூல் கொஞ்சம் மாறியிருக்கு. 2019ல வந்த சட்டத்தால பென்சில்வேனியாவுல காரணம் சொல்லாமலே தபால்ல ஓட்டுப் போடலாம், பதிய கடைசி நாள் தேர்தலுக்கு 15 நாள் முன்னாடி. பிரைமரி இன்னமும் மூடினதுதான். போன வாரம் குரூப்ல கேட்ட தங்கச்சிக்கு நான் சொன்னது, வாலண்டியர் ஆகறதுக்கு முன்னாடி ஸ்டேட் வெப்சைட்ல உன் பேரைப் போட்டு கட்சிங்கற இடத்துல என்ன இருக்குன்னு பாரும்மான்னு. பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துச்சு, "அக்கா, எந்தக் கட்சியும் இல்லன்னு இருக்கு." அன்னிக்கு ராத்திரியே மாத்திட்டா.